வியாழக்கிழமை ஒரு மணிக்குச் சாத்தும் கடை

இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகமான எங்கள் ஹல் நகரத்து நூலகத்தில் மாதம் ஒருமுறை பழைய கடைகளின் படங்களைத் திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். தேநீரும் பிஸ்கட்டும் உண்டு. ஒவ்வொரு கடை வரும்போதும் கிழடுகள் ஒரே குரலில் உச்சுக்கொட்டும். "ஐயோ, எங்கம்மா இங்கதான் முட்டை வாங்குவா" என்று ஒருத்தி ஆரம்பித்தால் இன்னொருத்தி அவளை முடிக்க விடமாட்டாள். நானும் கிழடுதான், எழுபத்தொன்று ஆகிறது. ஆனால் நான் அங்கே போவதில்லை. ஒரே ஒரு தடவை போனேன். திரையில் ஆஸ்க்யூ துணிக்கடை வந்தது. எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். நான் தேநீரைப் பாதியில் வைத்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

அந்தக் கடையில் இருபத்து நான்கு வருஷம் நின்றவள் தெல்மா கூப்லண்ட். என் பக்கத்து வீட்டுக்காரி. இப்போது இல்லை. அவளைப் பற்றி யாராவது ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் நான்தான் சொல்லியாக வேண்டும்.

தெல்மா பதினைந்து வயதில் ஆஸ்க்யூ கடையில் சேர்ந்தாள். ஹெஸ்ஸல் சாலையில் மீனவக் குடும்பங்களுக்குத் திரைச்சீலை, கம்பளி நூல், துக்கத்துக்கு உடுத்தும் கருப்புத் துணி எல்லாம் அங்கேதான். கருப்புத் துணி எங்கள் பக்கம் நிறையவே விற்கும். ஒரு கெஜம் வேண்டுமென்றால் அவள் அளவுகோலைத் தொடமாட்டாள். மூக்கு நுனியில் ஒரு முனை, நீட்டிய விரலில் மறுமுனை, சரக்கென்று கிழித்துவிடுவாள். அரை விரல்கூடக் குறையாது. நாள் முழுக்கக் கத்தரித்த நூல்பிசிறெல்லாம் அவள் கருப்புப் பாவாடையில் ஒட்டியிருக்கும். கடையை விட்டு வெளியே வரும்போது வாசலில் நின்று இரண்டு கையாலும் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொள்வாள். கடை போய், நூலும் போய், முப்பது வருஷம் கழித்தும் எந்த வாசலைத் தாண்டினாலும் அந்தத் தட்டல் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

அவள் கணவர் கிளிஃபர்ட், துறையில் கப்பலிலிருந்து மீன் இறக்கும் வேலை பார்த்தவர். நள்ளிரவு தாண்டி வேலை தொடங்கும், காலையில் முடிந்துவிடும். வியாழக்கிழமைகளில் எங்கள் சாலையில் எல்லாக் கடையும் மதியம் ஒரு மணிக்குச் சாத்திவிடும். கடையில் நிற்கும் பெண்களுக்கு ஞாயிறு தவிர அந்த அரைநாள்தான் ஓய்வு. கிளிஃபர்ட் ஒரு தூக்கம் போட்டு, மீன் வாடை போக இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, தலையை ஈரம் வைத்துச் சீவி, ஒரு மணிக்கு ஆஸ்க்யூ வாசலில் நிற்பார். இரண்டு வருஷ வியாழக்கிழமைகள் அப்படி நின்றுதான் அவளைக் கட்டினார்.

கடைகள் ஒவ்வொன்றாகப் போயின. துறையும் போயிற்று. ஆனால் எங்கள் ஆட்கள் வழி சொல்வதென்றால் இன்றைக்கும் போன கடைகளை வைத்துத்தான் சொல்வோம். "பாக்லி செருப்புக்கடைகிட்ட திரும்பு, பால்கடை இருந்த மூலையில நில்லு" என்போம். பாக்லி மூடி முப்பது வருஷம் ஆகியிருக்கும். கேட்கிறவனும் எங்கள் ஆள் என்றால் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடுவான். வெளியூர்க்காரன் முழிப்பான், முழிக்கட்டும் என்று விட்டுவிடுவோம்.

கிளிஃபர்டுக்கு எழுபத்தைந்து வயதில் நினைவு தப்ப ஆரம்பித்தது. மகன் பெயர் வராது. காலையில் சாப்பிட்டது தெரியாது. மருத்துவமனையில் ஒரு தாதிப்பெண், பழைய விஷயங்களைப் பேச்சுக் கொடுங்கள், மனசு அமைதியாக இருக்கும் என்றாள். தெல்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் சமையலறை மேசையில் ஒரு விளையாட்டு நடக்கும்.

"சரிப்பா, கடைக்குக் கிளம்பியாச்சு. முதல்ல எங்க?"

"ரைன்ஹார்ட் கறிக்கடை. அரை பவுண்டு சாசேஜ்."

"அடுத்து?"

"எதிர்த்தாப்புல பாக்லி. ஷூவுக்குக் கயிறு. அப்புறம் கீழ இறங்கி டன் கிழவி கடையில புகையிலை."

மகன் பெயர் வராத மனிதர் ஒரு கடை தப்பமாட்டார். தெல்மாவுக்குப் பெருமை பிடிபடாது. தபால் உறை ஒன்றின் பின்பக்கத்தில் வாங்க வேண்டிய சாமான்களைக் கடை வரிசைப்படி எழுதிக்கூட வைத்திருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குச் சிரிப்பாக இருக்கும். "ஏண்டி, என்னைக்காவது அவரு நிஜமாவே சாசேஜ் வாங்கிட்டு வரப்போறாரு பாரு" என்று ஒரு தடவை கிண்டல் செய்தேன். என் வாயைத் தைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை நான் தெல்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. மீன்பிடிக் கப்பல்காரர் வீடுகளில் வாசலைத் தாண்டிப் போகிற ஆணுக்குக் கை அசைக்கக் கூடாது. அசைத்தால் கடல் அவனைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். என் அம்மா எங்கள் அப்பா கிளம்பும்போது வாசலுக்கே வரமாட்டாள், முதுகைக் காட்டி அடுப்படியில் நிற்பாள். ஒரு தடவை எனக்கு ஆறு வயதில் நான் ஜன்னலிலிருந்து கை அசைத்தேன். அப்பா வரவில்லை. மூடநம்பிக்கை என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு அறுபது வருஷம் நான் யாருக்கும் கை அசைத்ததில்லை.

அந்த ஜனவரி மாத வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நான் முன் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிளிஃபர்ட் தன் வீட்டு வாசற்கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் சிவப்புக் கட்டம் போட்ட கடைப்பை. சட்டைமேல் வெறும் சாம்பல் நிறக் கோட்டு. தெல்மா பின்னாலேயே மேல்கோட்டோடு வருவாள் என்றுதான் நினைத்தேன், எப்போதும் அப்படித்தான் வருவாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக் கையைத் தூக்கினார். துடைக்கிற துணி என் கையில் இருந்தது. அந்தக் கை தானாக மேலே போய் இரண்டு தடவை ஆடிவிட்டது.

கால் மணி நேரம் கழித்து என் கதவை இரண்டு கையாலும் இடித்தாள் தெல்மா.

"நோரீன், அவரைப் பாத்தியா? தபால்காரன் வந்தான், கதவுச் சங்கிலிய மறுபடி மாட்ட மறந்துட்டேன். பின்னாடி துணி காயப்போட்டுட்டு வந்து பாக்குறேன், ஆளக் காணோம். பையக் காணோம். மேசை மேல இருந்த உறையையும் காணோம்."

பார்த்தேன் என்றேன். கை அசைத்ததைச் சொல்லவில்லை.

போலீசுக்குப் போன் போட்டோம். எடுத்தவன் நல்ல பையன்தான், குரலில் மரியாதை இருந்தது.

"எங்க போயிருப்பாருன்னு நெனைக்கிறீங்கம்மா?"

"மொதல்ல ரைன்ஹார்ட் கடைக்கு. அப்புறம் பாக்லி" என்றாள் தெல்மா.

"பாக்லி எங்கம்மா இருக்கு?"

"ரைன்ஹார்டுக்கு எதிர்த்தாப்புல."

"சரிம்மா, ரைன்ஹார்ட் எங்க இருக்கு?"

"பால்கடை இருந்துச்சுல்ல, அதுக்கு ரெண்டு கடை தள்ளி."

தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "அப்படி ஒரு கடையும் இங்க காட்டலையேம்மா."

"எப்படிக் காட்டும்? எழுபத்தொண்ணாம் வருஷமே மூடிட்டாங்களே!"

பிறகு குழந்தையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டான்: "அம்மா, உங்க கூட இப்ப வேற யாராவது இருக்காங்களா?"

தெல்மா போனை என்னிடம் நீட்டினாள். முகம் செத்துப்போயிருந்தது. நான் வாங்கி ஆள் அடையாளம் சொன்னேன். வண்டி அனுப்புகிறோம், வீட்டிலேயே இருங்கள் என்றான்.

"வீட்டுல இருந்து என்ன பண்றது?" என்றாள் தெல்மா. "அவனுங்க இருக்கிற கடையிலதான் தேடுவானுங்க. இல்லாத கடையில தேட நான்தான் போகணும். கோட்டை மாட்டு."

வெளியே அதற்குள் ஆலங்கட்டி கலந்த மழை பிடித்துவிட்டது. முதலில் ரைன்ஹார்ட். இப்போது அங்கே கபாப் கடை. கடைக்காரர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"வந்தாரே பெரியவரு. அரை பவுண்டு பன்னி சாசேஜ் கேட்டாரு. இங்க அதெல்லாம் கெடையாது ஐயான்னேன். ரைன்ஹார்ட் எப்ப வருவாருன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். தேங்க்ஸ் சொல்லிட்டு எதிர்ப்பக்கம் போனாரு. குளிருல நடுங்கிட்டு இருந்தாரு, உள்ள வந்து உக்காருங்கன்னுகூடச் சொன்னேன்மா."

எதிர்ப்பக்கம் பாக்லி இருந்த இடத்தில் பலகை அடித்து மூடியிருந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தி, கிழவர் ஒருவர் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போனார் என்றாள். பலகையில் ஈரக் கை பட்ட தடம் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள் தெல்மா. உறையில் இருந்த வரிசைப்படியேதான் போகிறார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"அடுத்து டன் கிழவி கடை. வா, பிடிச்சிடலாம்" என்றேன்.

தெல்மா நகரவில்லை.

"நோரீன், டன் கடை எங்க இருந்துச்சு?"

"தெரு அடியில, துறைக்குப் போற..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

தெருவின் அடிப்பாதியை எப்போதோ இடித்துவிட்டார்கள். வீடு, கடை, சாராயக்கடை எல்லாம் தரைமட்டம். அதன்மேல் போகிறது துறைமுகத்துப் பெரிய சாலை. போக நாலு வண்டி, வர நாலு வண்டி, நடுவில் ஒரு கம்பி வேலி. டன் கிழவி முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது சரக்கு லாரி ஓடுகிறது. புகையிலை வாங்க அவர் அங்கேதான் போவார்.

"நான்தாண்டி தெனமும் அனுப்பினேன்" என்றாள் தெல்மா. "தெனமும் காலையில அந்த ரோட்டு நடுவுல போய் நில்லுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அப்போதுதான் சைரன் கேட்டது. பெரிய சாலைப் பக்கமிருந்து.

எழுபத்து நாலு வயதுக்காரி ஓடினாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஓடினாள். எனக்கு மூட்டுவலி, பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் என் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே போனேன். கடல் இல்லை இது, ரோடுதான், ரோடுதான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். அது ஒன்றும் ஆறுதலாக இல்லை. சாலையோரம் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் எங்களைத் தாண்டி நிற்காமல் போயிற்று. உள்ளே யார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? தெல்மா ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாலை நடுவே, வேலிக்கு அடியில் சிவப்புக் கட்டம் போட்ட பை கிடந்தது. லாரி ஒவ்வொன்று போகும்போதும் அது எழும்பி எழும்பி விழுந்தது.

போய்விட்டார், நான் கை அசைத்தேன், போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

"பெரியவரத் தேடுறீங்களா?"

ஓரத்தில் லாரிக்காரர்களுக்கு டீ விற்கிற வண்டி நின்றது. தடித்த மனிதர் ஒருவர் வண்டியிலிருந்து இறங்கி வந்தார்.

"அவரு உசுரோட இருக்காரும்மா, பயப்படாதீங்க. ஆம்புலன்ஸ் வேற எதுக்கோ போகுது. ரோட்டு நடுவுல நின்னு எதையோ தேடிட்டு இருந்தாரு. நான்தான் வர்ற லாரியெல்லாம் நிறுத்திக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். டீ குடுத்து உக்கார வெச்சேன். போன் பண்ணலாம்னு திரும்புறேன், இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டாரு. வியாழன்னேன். மணி என்னன்னாரு. பன்னெண்டரைன்னேன். ஐயையோ அரைநாளாச்சேன்னு டீயை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சு அந்தச் சந்துல போயிட்டாரு. டீ வண்டிய விட்டுட்டுப் பின்னாடி போக முடியல. போலீசுக்குச் சொல்லிட்டேன்."

தெல்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வியாழக்கெழம, நோரீன். ஒரு மணிக்குக் கடை சாத்துறாங்க. அவரு என்னைக் கூப்பிடப் போயிருக்காரு."

ஆஸ்க்யூ கடை இருந்த இடத்தில் குதிரைப் பந்தயம் கட்டும் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை போயிருந்தாலும் வாசற்படி அதேதான், நடுவில் தேய்ந்து குழிந்த கல். நாங்கள் போய்ச் சேர ஒன்றே கால் ஆகிவிட்டது. கிளிஃபர்ட் நடைபாதை விளிம்பில், சாலைக்கு முதுகைக் காட்டி, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. மழைநீரை வைத்தே தலையைப் படிய வாரியிருந்தார்.

"கிளிஃபர்ட்! ஐயோ, என் ராசா!" என்று போய் அவர் கையைப் பிடித்தாள் தெல்மா. "நான்தான்ப்பா, வந்துட்டேன்."

அவர் கையை உதறினார். அந்த முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பயம்.

"யாரும்மா நீ? விடு. நான் ஆளுக்காகக் காத்துட்டு இருக்கேன்."

"நான்தான் தெல்மா..."

"தெல்மா உள்ள இருக்கா. கிட்ட வராத!"

ஒரு எட்டு பின்னால் வைத்தார். காலுக்கடியில் நடைபாதை முடிந்து சாலை. பஸ் ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு அவரை உரசி நின்றது. நான் பின்பக்கமாக எட்டி அவர் கோட்டைக் கொத்தாகப் பிடித்தேன். பிடித்த பிடியில் என் நகம் பிய்ந்தது. தெல்மா இன்னொரு அடி முன்னால் வந்தால் இவர் இன்னொரு அடி பின்னால் போவார். அது அவளுக்கும் தெரிந்தது.

அவள் நின்றாள். அவரைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பந்தயக் கடைக்குள் போய்விட்டாள்.

யாரையாவது உதவிக்குக் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். கிளிஃபர்டின் உடம்பு முழுக்க என் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் போயிருக்கும். எனக்கு ஒரு மணி நேரம்.

கதவு திறந்தது. தெல்மா படியில் நின்றாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டிருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் பாவாடையை முன்னும் பின்னும் தட்டினாள். இல்லாத நூலையெல்லாம் தட்டிவிட்டாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"ரொம்ப நேரமா நிக்கிறியா? அந்த ஆஸ்க்யூ அம்மா விடவே மாட்டேன்னுட்டா. துண்டுத் துணியெல்லாம் மடிச்சு வெச்சாத்தான் போகலாமாம்."

குரல் லேசாக உடைந்தது. ஆனால் அந்த வேகம், அந்த அலட்சியம், அது நான் சின்னப் பிள்ளையாக அந்தக் கடைக்குப் போனபோது கேட்டது.

கிளிஃபர்டின் உடம்பு என் கையில் தளர்ந்தது.

"கால் மணி நேரமா நிக்கிறேன்" என்றார். "வெறைச்சுப் போச்சு. உனக்கென்ன, உள்ள அடுப்புப் பக்கத்துல நிப்ப."

"சரி சரி, மூஞ்சியத் தூக்காத. வீட்டுக்குப் போய்ச் சூடா ஏதாவது குடிக்கலாம்."

அவர் முழங்கையை மடித்து நீட்டினார். அவள் தன் கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டுவிட்டு அந்தக் கையில் தன் கையைக் கோத்துக்கொண்டாள். போலீஸ் வண்டி எங்களைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் மெதுவாக வந்தது. நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். புரிந்துகொண்டு பின்னாலேயே ஊர்ந்து வந்தார்கள்.

நான் நாலு எட்டுப் பின்னால் நடந்தேன். பால்கடை மூலை திரும்பும்போது கிளிஃபர்ட் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார். தணிந்த குரல்தான், ஆனால் எனக்குக் கேட்டது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ உள்ள இருந்தப்ப ஒரு கெழவி வந்தா. எங்கிருந்தோ ஓடி வந்து என் கையப் பிடிச்சு இழுத்தா. உன் பேரைச் சொல்றா, தெல்மா. நான்தான் தெல்மாங்கிறா. ரொம்பப் பயந்துட்டேன்."

தெல்மா நடையை நிறுத்தவில்லை. அவர் கையை மட்டும் இன்னும் இறுக்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

"அவ போயிட்டாப்பா" என்றாள். "இனிமே வரமாட்டா. பயப்படாத."

அவர்கள் வீட்டு வாசல் வந்தது. கதவைத் திறந்து தெல்மா முதலில் உள்ளே போனாள். கிளிஃபர்ட் படியில் ஏறித் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். காலையில் சிரித்த அதே சிரிப்பு. கையைத் தூக்கினார்.

நான் என் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அவர் உள்ளே போகும்வரை, கதவு சாத்தும்வரை, உள்ளே சங்கிலி மாட்டுகிற சத்தம் கேட்கும்வரை அப்படியே நின்றேன்.